பெங்களூர் தண்ணீரில் கழுவிய முதல் தமிழ்ப் படம்

தமிழ் சினிமா பிறந்த ஊர் எது என்று கேட்டால் எவரும் சென்னை என்றுதான் சொல்வார்கள். அதில் தவறில்லை. முதல் படத்தின் நடிகர்கள் சென்னைக்காரர்கள், அரங்கம் போட்ட இடம் புரசைவாக்கம், பணம் போட்டவர்களும் சென்னை வியாபாரிகள். ஆனால் எடுத்த படம் படமாகத் தேறியதா, பாழாகிப் போனதா என்பது தெரிந்த இடம் பெங்களூர். வாரம் முழுவதும் சென்னையில் எடுத்த பிலிம் சுருள்களைத் தூக்கிக்கொண்டு, வார இறுதிதோறும் ரயிலேறி இந்த ஊருக்கு வந்து போனார் ஒரு மனிதர். வேலூரில் 1885-ம் ஆண்டு பிறந்த ஆர். நடராஜ முதலியார்தான் அவர். தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசக வதம்' அவர் எடுத்தது.

வட ஆர்க்காட்டுக்காரர்கள் நிறைந்த ஊர் பெங்களூர். தண்டுப் பகுதியில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் வேலூர், ஆம்பூர், குடியாத்தம், திருப்பத்தூர் என்று பூர்வீகம் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு நடராஜ முதலியாரின் பெயர் தெரியும் என்பது சந்தேகமே.

சைக்கிள் கடை

முதலியார் சினிமாவுக்கு வந்த வழி விசித்திரமானது. நாடக மேடையிலிருந்து வந்தவர் அல்ல. சங்கீதத்திலிருந்தோ, இலக்கியத்திலிருந்தோ வந்தவரும் அல்ல. சைக்கிள் வியாபாரம் செய்தவர். உறவினரான தர்மலிங்க முதலியாருடன் சேர்ந்து 'வாட்சன் அண்ட் கம்பெனி' என்ற பெயரில் சென்னையில் சைக்கிள் விற்றார். ஒரு சைக்கிளின் விலை ரூ. 25 இருந்த காலம் அது. 1911-ல் 'ரோமர் டான்' என்ற வெள்ளைக்காரக் கம்பெனியை வாங்கி, அமெரிக்கக் கார்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார்கள். கார் ஒன்று ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். வாங்குகிறவர்கள் ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களும். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

இயந்திரங்களோடு பழகிய கை அது. அத்துடன் புகைப்படம் எடுப்பதிலும் முதலியாருக்கு ஆசை இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சினிமா வந்து நின்றது.

சினிமா என்பது அப்போது பார்க்கிற பொருளாகத்தான் தென்னாட்டுக்கு வந்திருந்தது. திருச்சியில் ரயில்வே கம்பெனியில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். ரயில்வே சம்பளத்தை உதறிவிட்டுப் போன அந்தத் துணிச்சல் தனியாக எழுத வேண்டிய கதை. ஆனால் வின்சென்ட் காட்டியதெல்லாம் வெளிநாட்டார் எடுத்த துண்டுப் படங்கள். 1913-ல் தாதாசாகிப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்து வெளியிட்ட பிறகுதான், நம்மவர்களும் நம் கதைகளை எடுக்க முடியும் என்பது வெளிச்சமாயிற்று. பால்கேயின் படங்களைப் பார்த்த நடராஜ முதலியாருக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது.

பள்ளி இல்லாத பாடம்

ஆசை வந்துவிட்டது, கற்றுக்கொள்வது எங்கே? இன்றைக்கு ஒரு பையன் சினிமா படிக்க வேண்டும் என்றால் புனே இருக்கிறது, சென்னை இருக்கிறது, கையில் பணமிருந்தால் லண்டனும் அமெரிக்காவும் இருக்கின்றன. முதலியாரின் காலத்தில் அப்படி ஒரு பள்ளி உலகத்தில் எங்கும் இல்லை. அரசாங்கமே நடத்திய முதல் சினிமாப் பள்ளி மாஸ்கோவில் 1919-ல்தான் தொடங்கியது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமாப் பாடம் வந்தது 1929-ல். அதற்கு முன்பு கற்க விரும்பியவன் தொழில் தெரிந்தவன் ஒருவனைத் தேடிப் பிடித்து, அவன் பக்கத்தில் நின்று கற்க வேண்டும். தச்சு வேலையும் தட்டார் வேலையும் கற்பது போலத்தான். பால்கேயே 1912-ல் லண்டனுக்குப் போய், அங்கிருந்த செசில் ஹெப்வொர்த் என்பவரின் ஸ்டூடியோவில் பார்த்துப் பழகிவிட்டுத் திரும்பியவர்.

முதலியார் லண்டனுக்குப் போகவில்லை. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் இருந்தார். வைசிராயாக இருந்த கர்சன் பிரபுவைப் பற்றிய படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். முதலியார் அவரது அறிமுகம் பெற்று அங்கே போய்ச் சேர்ந்தார். கார் கம்பெனி முதலாளி, முப்பது வயதை ஒட்டிய நிலையில், இன்னொருவரிடம் சீடனாக நின்றார்.

அங்கே கற்றது என்ன? அக்காலக் காமிராவில் மின்சார மோட்டார் கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 படங்கள் பதிவாகும். நொடிக்கு இரண்டு சுற்று, அதாவது 16 படங்கள் என்பது பொதுவான கணக்கு. கை வேகமாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் ஆமைபோல நகர்வார்கள். மெதுவாகச் சுற்றினால் குரங்காட்டம் ஆடுவார்கள். எதிரே நடிகன் அழுதாலும் சிரித்தாலும் சண்டை போட்டாலும், சுற்றுகிறவனின் கை கடிகாரம் போல ஒரே தாளத்தில் போக வேண்டும். இது புத்தகத்தில் வருகிற பாடம் அல்ல. இதோடு வெளிச்சத்தை அளக்கும் பழக்கம். அளக்க ஒரு கருவியும் அன்று கையில் கிடையாது. வெயிலைக் கண்ணால் பார்த்து, லென்சின் துவாரத்தைக் குறைப்பதா கூட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஸ்மித்தின் மேற்பார்வையில் முதலியார் சில காட்சிகளைத் தாமே படம் பிடித்தும் பார்த்தார். அவர் பெற்ற பட்டம் அவ்வளவுதான்.

ஆயிரம் ரூபாய் நாள்

சென்னைக்குத் திரும்பிய முதலியார், தஞ்சாவூர்ப் பக்கத்துச் செல்வந்தரான மூப்பனார் ஒருவரிடம் சும்மா கிடந்த வில்லியம்சன் காமிராவையும் பிரிண்ட் போடும் கருவியையும் ரூ. 1,800-க்கு வாங்கினார். பால்கே லண்டனில் வாங்கியதும் வில்லியம்சன் காமிராதான். பின்னர் தெரிந்த வியாபாரிகளைப் பங்குதாரர்களாகச் சேர்த்து 'இந்தியா பிலிம் கம்பெனி'யைத் தொடங்கி, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ அமைத்தார். தென்னாட்டின் முதல் சினிமா ஸ்டூடியோ அதுவே.

ஸ்டூடியோ என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடக் கூடாது. விளக்கு கிடையாது, சூரியன்தான் விளக்கு. நேர் வெயில் முகத்தில் விழுந்தால் கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல நிழல் விழும். ஆகவே மேலே கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். வெயில் அதில் வடிந்து மெத்தென்று இறங்கும். கல்யாணப் பந்தலின் அடியில் நிற்பது போன்ற வெளிச்சம்.

என்ன கதை எடுப்பது என்று நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரிடம் யோசனை கேட்டார். திரௌபதி கீசகன் கதையைச் சொன்னார் அவர். முதல் முயற்சியே பிறன்மனை நயந்தவன் கதையா, அதுவும் ஒரு கொலையில் முடிவதா என்று உறவினர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். முதலியார் மாற்றவில்லை. வழக்கறிஞரும், சுகுண விலாச சபையில் பெண் வேடங்களுக்குப் பெயர் பெற்றவருமான சி. ரங்கவடிவேலு கதையைக் காட்சிகளாக எழுதிக் கொடுத்து, நடிகர்களுக்குப் பயிற்சியும் தந்தார். கீசகனாக ராஜு முதலியார், திரௌபதியாக ஜீவரத்தினம். இருவரும் மேடையிலிருந்து வந்தவர்கள். புராணப் பாத்திரங்கள் எப்படி உடுத்த வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களே வழிகாட்டி. தயாரிப்பு, டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, பின்னர் வெட்டி ஒட்டும் வேலை, இவ்வளவும் முதலியார் ஒருவரே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மராட்டியில் காடில்கர் எழுதிய 'கீசக வதம்' நாடகத்தை, அதில் வரும் கீசகன் கர்சன் பிரபுதான் என்று கருதிய ஆங்கில அரசு 1910-ல் தடை செய்திருந்தது. அதே கர்சனைப் படம் பிடித்தவரிடம் தொழில் கற்றவர், அதே கீசகனைத் தம் முதல் கதையாக எடுத்துக்கொண்டார். சென்னையில் யாரும் இதற்கு அரசியல் அர்த்தம் பண்ணியதாகத் தெரியவில்லை.

படப்பிடிப்பு 35 நாட்கள். செலவு ரூ. 35,000. நாளுக்கு ஆயிரம் ரூபாய். அதாவது தினம் ஒரு கார். கார் விற்றுக் கணக்கு எழுதிய முதலியாருக்கு இந்தக் கணக்கு உறைக்காமல் இருந்திருக்காது.

ஏன் பெங்களூர்?

பிலிமில் பதிவான உருவம் கண்ணுக்குத் தெரியாது. ரசாயனக் கரைசலில் கழுவினால்தான் வெளியே வரும். பிலிமின் மேல் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின் என்ற பசை. ஜெலட்டினுக்குச் சூடு ஆகாது. கரைசல் சுமார் 65 டிகிரி பாரன்ஹீட்டில் இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். அதைவிடச் சூடேற ஏறக் கரைசல் அவசரப்பட்டு வேலை செய்யும், படம் கறுத்துப் போகும். பசை ஊறி இளகி, விளிம்பிலிருந்து சுருக்கம் கண்டு, உருவத்தோடு உரிந்தே வந்துவிடும். சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீரே 85 டிகிரியைத் தாண்டும். அந்தத் தண்ணீரில் பிலிமைக் கழுவுவது சுடுசோற்றில் ஐஸ்கிரீம் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பது போலத்தான்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்சாதனம் இல்லாத அந்நாளில் இந்த ஊரின் குளிர்தான் குளிர்சாதனம். முதலியார் இங்கே லேபரட்டரி அமைத்து, அதை நாராயணசாமி ஆச்சாரி என்பவரின் பொறுப்பில் விட்டார். வாரம் முழுவதும் புரசைவாக்கத்தில் படம் பிடிப்பது. வார இறுதியில் சுருள்களோடு பெங்களூர் வந்து கழுவுவது. திரும்பிப் போய் அடுத்த வாரக் காட்சிகளை எடுப்பது. இதுதான் 'கீசக வதம்' உருவான முறை.

அரக்கோணம், காட்பாடி, ஜோலார்ப்பேட்டை, குப்பம், பௌரிங்பேட்டை என்று அன்று பெயர் பெற்றிருந்த பங்காரப்பேட்டை, பிறகு தண்டு. பெங்களூர்த் தமிழர் ஒவ்வொருவரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்வரும் பாதைதான். வழியில் காட்பாடியில் இறங்கினால் முதலியாருக்குச் சொந்த ஊரே வந்துவிடும்.

அவர் சுமந்து வந்தது சாதாரணச் சரக்கு அல்ல. அந்நாளைய பிலிம் நைட்ரேட் என்ற வகையைச் சேர்ந்தது. வெடிமருந்துப் பஞ்சுக்கு உறவு. ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. புகைவண்டியின் கரிப்பொறி ஜன்னல் வழியாக வந்து விழும் காலத்தில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயணம். அதுமட்டுமா? கழுவாத பிலிமில் வெளிச்சம் பட்டால் ஒரு வார உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

வந்து சேர்ந்த பிறகும் நெஞ்சு அடங்குவதற்கில்லை. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. ஆகவே இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த மங்கலில், மரச்சட்டத்தில் சுற்றிய பிலிமைத் தொட்டியில் இறக்கி, உருவம் மெல்லக் கறுத்து எழுவதைக் கண்ணால் பார்த்து, எடுக்க வேண்டிய நேரத்தை முடிவு செய்வது அக்கால வழக்கம். கைப்பிடியைச் சுற்றும்போது கை தடுமாறியிருந்தால், திங்கட்கிழமையன்று செய்த பிழை வார இறுதியில்தான் தெரியும். துவாரத்தைத் தவறாக வைத்திருந்தால் அந்த வாரம் முழுவதும் அதே தவறோடு எடுத்திருப்பார். மறுபடி எடுக்க நடிகர்களைக் கூப்பிட வேண்டும், வெயில் வாய்க்க வேண்டும், ஆயிரம் ரூபாய் வேண்டும். பூனாவில் ஸ்மித் பக்கத்தில் நின்று திருத்தினார். புரசைவாக்கத்தில் திருத்த ஆளில்லை. பெங்களூர்த் தொட்டியே வாத்தியார். அது தருகிற மார்க்கை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்பின்ஸ்டன் திரையில்

முடிந்த படத்தின் நீளம் 6,000 அடி. 16 படத்துக்கு ஓர் அடி என்பதால், ஓடும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம். பேசாத படமாகையால் இடையிடையே எழுத்து அட்டைகள் வரும். தமிழ், ஆங்கில அட்டைகளை எழுத முதலியாருக்குப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் உட்பட நண்பர்கள் உதவினார்கள். இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி.

வெளியான ஆண்டை 1916, 1917, 1918 என்று ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். தேவதாஸ் காந்தி இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்தது 1918-ல் என்பதால் கடைசிக் கணக்கே பொருந்துவதாகத் தோன்றுகிறது. சென்னையில் எல்பின்ஸ்டன் தியேட்டரில் படம் ஓடியது. இந்தியாவின் மற்றப் பகுதிகள், பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் என்று தமிழர் பிழைக்கப் போன இடமெல்லாம் படமும் போயிற்று. வசூல் ரூ. 50,000, செலவு போக லாபம் ரூ. 15,000. முகம் சுளித்த உறவினர்களுக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

அடுத்து 'திரௌபதி வஸ்திராபஹரணம்'. துகிலுரியும் காட்சியில் நடிக்க நம் பெண்கள் யாரும் முன்வராததால் ஆங்கிலோ-இந்தியப் பெண் ஒருவரைத் திரௌபதியாக நடிக்க வைத்தார். பேசாப் படம், பாஷை ஒரு தடையாகவில்லை. அதன் பிறகு 'லவகுசா', 'மார்க்கண்டேயா', 'மயில்ராவணன்' முதலிய படங்கள் வந்தன.

இதே புரசைவாக்கத்தில் இன்னொருவரும் வந்து சேர்ந்தார். கெயிட்டி தியேட்டரைக் கட்டிய ரகுபதி வெங்கையா தம் மகன் பிரகாஷை லண்டனுக்கு அனுப்பி, பார்க்கர் ஸ்டூடியோவில் தொழில் கற்க வைத்தார். பிரகாஷ் ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் சுற்றிவிட்டு வந்து 1921-ல் 'பீஷ்ம பிரதிக்ஞை'யை எடுத்தார். வெளிநாட்டில் கற்றுத் திரும்பிய தென்னாட்டவர்களின் வரிசை அவரிடமிருந்து தொடங்குகிறது. பூனாவில் கற்றவரும் லண்டனில் கற்றவரும் ஒரே பேட்டையில் தொழில் நடத்தினார்கள். முந்திக்கொண்டவர் பூனாக்காரர்தான்.

தீ

1923-ல் முதலியாரின் ஸ்டூடியோ தீப்பற்றி எரிந்தது. அந்த நாட்களிலேயே மகனையும் பறிகொடுத்தார். பணமுடையும் சேர்ந்துகொண்டது. அதோடு அவர் சினிமாவை விட்டார். அப்போது அவருக்கு வயது 38. பிறகு ஒரு படமும் எடுக்கவில்லை.

அதற்கு மேல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் உயிரோடு இருந்தார் என்பதுதான் இந்தக் கதையில் பலர் கவனிக்காத செய்தி. 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. 1935-ல் கலிபோர்னியாவில் சினிமா படித்த மாணிக் லால் டாண்டனும் அவருடைய சகமாணவர் எல்லிஸ் ஆர். டங்கனும் இந்தியாவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே டங்கனின் 'சதிலீலாவதி'யில் எம்.ஜி.ஆர். அறிமுகமானார். 1940-களில் பெங்களூரில் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக் ஒளிப்பதிவு வகுப்பைத் தொடங்கியது. முதலியார் ஒவ்வொரு வாரமும் தட்டுத் தடுமாறிக் கற்றதை, அதே ஊரில் பையன்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கற்றார்கள். அப்படிக் கற்ற மைசூர்க்காரர் வி.கே. மூர்த்தி, பம்பாய் போய் குரு தத்தின் 'பியாசா'வையும், நாட்டின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' படத்தையும் ஒளிப்பதிவு செய்தார். அரசாங்கத்தின் பால்கே விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் அவரே. இந்த ஊர்த் தண்ணீருக்கும் ஒளிப்பதிவுக்கும் ஏதோ ராசி இருக்கத்தான் செய்கிறது.

1960-ல் பூனாவில், பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில், மத்திய அரசின் சினிமாப் பள்ளி வந்தது. ஸ்மித்திடம் முதலியார் கைப்பிடி சுற்றப் பழகிய அதே ஊர். 1964-ல் நாட்டின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்துக் காக்கும் ஆவணக் காப்பகமும் பூனாவிலேயே அமைந்தது. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் ஒரு பகுதியாவது அங்கே மிஞ்சியிருக்கிறது. நடராஜ முதலியார் 1970-களின் தொடக்கத்தில், 85 வயதைக் கடந்து காலமானார். அவருடைய படங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 'கீசக வதத்தின்' ஆறாயிரம் அடியில் ஓர் அடியும் மிஞ்சவில்லை.